இந்த மேசையைவிட அந்த மேசை

ஒப்பீட்டுக்காரர் என்று ஒரு பிறவி உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மீன் தின்னும்போது நேற்றுத் தின்ற மீனைப் பற்றிப் பேசுகிறவர் அவர்தான். கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு போன மாதத்துக் கல்யாணத்தைப் புகழ்வார். சாவு வீட்டுக்குப் போனால் பந்தலை அண்ணாந்து பார்த்து, ஹோமா பே பக்கம் ஒரு சாவுக்குப் போட்டிருந்தார்களே, அதுவல்லவா பந்தல் என்று, அழுதுகொண்டிருக்கும் செத்தவரின் பெண்டாட்டியின் காதிலேயே போய்ச் சொல்லிவிட்டு வருவார். கெட்டவரா? இல்லை. கஞ்சரா? அதுவும் இல்லை. கையில் இருப்பது வாய்க்குப் போவதற்குள், கையில் இல்லாததன் ருசி நாக்கில் ஏறிவிடும். வியாதி அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இந்தப் பிறவிக்கு மீனும் பந்தலும்தான் தீனி. கைபேசியில் போக்கர் வந்தபிறகு ஏரிக்கரைப் பட்டணமான எங்கள் கிசுமுவில் இவர்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. இருப்பது ஒரே சீட்டுக்கட்டு. அதை வைத்து எத்தனை விதமாய் மேசை போட முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒப்பீட்டுக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

சாடோக் ஒவிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கெண்டு பேக்குக் கிழக்கே மண் வைத்திருந்த ஒன்யாங்கோவின் மூத்த மகன். ஒன்யாங்கோ காலமாகிப் பல வருடம் ஆகிறது. ஒன்யாங்கோவின் ஒரே தம்பி ஜவோகோ, ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரிலேயே இருக்கிறார். ஒவிட்டிக்கு ஒரு தம்பி, பெயர் ஒலுவோச். தாயார் யாலாப் பக்கத்துப் பெண். அவளுடைய அண்ணன், சந்தைக்கு விற்க ஓட்டிப்போன பசுவை, இந்தச் சந்தையைவிட அடுத்த சந்தை மேல் என்று சந்தை சந்தையாக நடத்திக் கடைசியில் கன்றோடு வீட்டுக்குத் திருப்பி ஓட்டி வந்த மனிதர். ஆகவே ஒவிட்டியின் குணம் தாய்வழி வந்தது என்பார்கள் தந்தைவழியார்.

ஒவிட்டிக்குக் கூரைத் தகடு விற்கிற கடையில் வேலை. வருகிறவர் ஒரு தகட்டைத் தட்டிப் பார்த்து, "இது எப்படிங்க?" என்று கேட்பார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா..." என்று ஒவிட்டி ஆரம்பிப்பார். பச்சைத் தகட்டுக்குச் சிவப்புத் தகட்டின் பெருமை, சிவப்புக்கு வெள்ளையின் பெருமை, மூன்றுக்கும் பழைய காலத்துக் கூரைப்புல்லின் குளிர்ச்சி என்று சொல்லி முடிக்கையில், வந்தவர் புல்லே மேல் என்று போய்விடுவார். முதலாளி அவரை ஏன் வைத்திருக்கிறார் என்று கேட்கிறீர்களா? அடுத்து வருகிற ஆள் இவரைவிட மோசமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அவரும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

போக்கருக்கு வருவோம். கேஷ் மேசையில் உட்கார்ந்திருப்பார் ஒவிட்டி. எப்போது வேண்டுமானாலும் எழலாம், பந்தயம் வைக்கிற சில்லுத் தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம், யாரும் யாரையும் துரத்தமாட்டார்கள். சுகமான மேசை. ஆனால் அவர் முகத்தில் சுகம் இராது. "இதுல என்ன இருக்கு? மாமியார் வீட்டு விருந்து மாதிரி முடிவே இல்லாம போகுது. டோர்னமென்ட்னா தீர்ந்தவன் வெளிய போவான், கடைசி ஒருத்தன் நிப்பான். அதுல ஒரு கதை இருக்கு" என்பார். சரியென்று டோர்னமென்டில் போய் உட்காருவார். ஒரு பிற்பகல் முழுக்கப் பொறுமையாய், இந்தக் கை வேண்டாமென்று சீட்டைக் கவிழ்த்துக் கவிழ்த்து, பரிசுக்கு ஒரு படி கீழே வந்து நிற்பார். அந்த நேரம் பார்த்து, "கேஷ் மேசைன்னா இந்நேரம் எந்திரிச்சுப் போயி டீ குடிச்சிருக்கலாம்" என்று ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சிலேயே விரல் தவறான பொத்தானில் விழும். வெளியே.

வேக மேசை என்று ஒன்று உண்டு. சீட்டைக் கவிழ்த்த நொடியில் உங்களைத் தூக்கி வேறு ஆட்கள் நடுவே போட்டுவிடும். காத்திருக்கிற வேலையே இல்லை. அங்கே போனால், "ஒரு மூஞ்சியும் மனசுல நிக்கல, பஸ் ஸ்டாண்டுல நின்னு சோறு தின்ன மாதிரி" என்பார். மூன்றே பேர் ஆடும் சின்ன மேசை, சக்கரம் சுற்றிப் பரிசைச் சொல்லும், ஒரு குவளை கஞ்சி குடித்து முடிப்பதற்குள் ஆட்டமும் முடியும். அதற்கு, "உப்புக்கு முன்னாடியே உலை இறங்கிடுச்சே." இரண்டுக்குப் பதில் நாலு சீட்டுக் கொடுக்கிற ஒமாஹாவுக்கு, "நாலு பொண்டாட்டிக்காரன் நெலமை. யாரு பேச்சைக் கேக்கிறது?"

அவர் மனைவி அடோயோ ஒருநாள் கேட்டாள்: "நீங்க சீட்டு ஆடுறீங்களா, இல்ல சீட்டுக்கு மார்க் போடுறீங்களா?"

"ரெண்டும்தான்" என்றார் ஒவிட்டி. கொஞ்சம் யோசித்து, "ரெண்டுல மார்க் போடுறதுதான் கொஞ்சம் ருசி" என்றார்.

ஆடுவதெல்லாம் இனாம் சில்லு. அவர் காசு வைத்து ஆடுவதை அடோயோ எந்தக் காலத்திலோ தடுத்து நிறுத்திவிட்டாள். ஆகவே மேசையில் போவதற்கோ வருவதற்கோ ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். ஒன்று இருந்தது. அது வீடு.

அடோயோவும் ஒவிட்டியும் கிசுமுவின் நியாலெண்டாவில் வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். கூரை ஒழுகும். கூரைத் தகடு விற்கிறவர் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றி அந்தத் தெருவில் சொல்லாத நக்கல் பாக்கியில்லை. ஊரில் மண் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருவன் நினைத்த மாத்திரத்தில் போய்த் தனி வளவு, அதாவது தன் மண்ணில் தன் குடியிருப்பு, போட்டுவிட முடியாது. விடியற்காலையில் தகப்பன் முன்னே நடக்க வேண்டும். மகன் கையில் சேவலும் தோளில் கோடாரியுமாகப் பின்னே போக, மருமகள் நெருப்புச் சட்டியோடு வர வேண்டும். தகப்பன் நட்டுக் கொடுத்த முளைக்குச்சியைச் சுற்றிக் குடிசை எழும்பி, அன்று சூரியன் விழுவதற்குள் கூரை ஏறியாக வேண்டும். தகப்பன் இல்லையென்றால் தகப்பனோடு பிறந்தவர். அதாவது ஜவோகோ சித்தப்பா. அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. இன்னொன்று, அண்ணன் வளவு போடாமல் தம்பி போடக் கூடாது. ஒலுவோச் கம்பும் ஆணியும் வாங்கி அடுக்கிவைத்துவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கம்பைக் கரையான் தின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, நீ வீடு கட்டுறதுக்குள்ள என் பொண்டாட்டிக்குப் பல்லு கொட்டிடும்" என்பான்.

"அவசரப்படாதே. ஏரி பக்கம் நல்லாத்தான் இருக்கு, ஆனா மேட்டுப் பக்கம்..." என்பார் ஒவிட்டி.

சித்தப்பாவிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கு இடம், குடும்ப மேசை. ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து சாப்பிட்டபிறகு, மொம்பாசாவில் இருக்கிற பிள்ளையும் தோஹாவில் இருக்கிற பிள்ளையும் ஊரில் இருக்கிறவர்களுமாக ஆறு பேர் கைபேசியில் ஒரு கேஷ் மேசையில் கூடுவார்கள். பக்கத்தில் வைத்த இன்னொரு போனில் பேச்சு ஓடும். மேசையைப் போட்டது ஒவிட்டி. அதனால் எந்த மேசை என்று முடிவுசெய்கிற சாவி அவர் போனில் இருந்தது.

ஜவோகோ ஆடுகிற அழகே தனி. ரயில் புறப்படுவதற்குப் பச்சைக் கொடி காட்டுகிறவர்போல் ஒவ்வொரு சீட்டுக்கும் நேரம் எடுப்பார். முக்கால்வாசி கவிழ்த்துவிடுவார். எப்போதாவது ஒருமுறை, தொண்டையைச் செருமிக்கொண்டு, மொத்தச் சில்லையும் நடுவில் தள்ளுவார். அவர் தள்ளினால் எல்லாரும் கவிழ்த்துவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் பெரியவர் கை கழுவும்வரை யாரும் தட்டைத் தொடாத மாதிரிதான் இதுவும். அவர் எழுந்தால்தான் மேசை கலையும். கேஷ் மேசையாக இருந்ததால் அவரை எழுப்பும் அதிகாரம் யாருக்கும் இல்லை, சீட்டுக்கும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடோயோ உகாளிக் களியையும் கீரையையும் எடுத்து வைத்துவிட்டு, புருஷனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மழைக்கு முன்னாடி கூரை ஏறணும். இன்னைக்குக் கேளுங்க. வேற ஒரு வார்த்தை பேச வேண்டாம்."

"கேக்கிறேன்."

"ஆனான்னு ஆரம்பிக்கக் கூடாது."

"ஆரம்பிக்கல."

நேரமும் கூடி வந்தது. சித்தப்பா ஏழாம் சீட்டு ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு ஒரு பெரிய குவியலை அள்ளினார். போனில் அவர் சிரிப்புக் கேட்டது. பிறகு அவரே வாயெடுத்தார்.

"ஒவிட்டி, ஒன் வளவு சங்கதி என்னடா ஆச்சு? யாராவது வந்து கூப்பிடுவாங்கன்னு பாத்துட்டே இருக்கேன்."

இதற்கு மேல் ஒருவருக்கு என்ன வேண்டும்? வாசலே நடந்து வந்து வீட்டுக்குள் நுழைந்த மாதிரி. அடோயோ இரண்டு கையையும் கூப்பிக்கொண்டாள். ஒவிட்டியின் வாய் திறந்தது.

"அதைத்தான் பேசணும் சித்தப்பா. அதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்த மேசை நல்லாத்தான் இருக்கு. ஆனா தலைவேட்டைன்னு ஒரு மேசை இருக்கு. ஒரு தடவை ஆடிப் பாருங்க, அப்புறம் இதெல்லாம் உப்பில்லாத கீரை."

"அது என்னடா?"

"டோர்னமென்ட்தான். ஒருத்தரை வெளியேத்தினா அவரு தலை நமக்கு."

"எனக்கென்னடா தெரியும். நீதானே மேசை போட்டவன். மாத்து."

மாற்றினார். அடோயோ கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. பிறகு சித்தப்பா தொண்டையைச் செருமினார். மொத்தத்தையும் தள்ளினார். மொம்பாசா கவிழ்த்தது. தோஹா கவிழ்த்தது. ஒலுவோச் கவிழ்த்தான். ஒவிட்டியின் கையில் ஒரு ஜோடி ராணி. கேஷ் மேசையாக இருந்திருந்தால் ராணிகளைக் கவிழ்த்துவிட்டு, "எடுத்துக்கோங்க சித்தப்பா" என்றிருப்பார், எத்தனையோ முறை அப்படிச் செய்தவர்தான். ஆனால் இது தலைவேட்டை. தலைவேட்டையில் கவிழ்ப்பது ருசியைக் கெடுக்கும். கேஷில் இந்த ராணிகள் எத்தனை ருசி, தலைவேட்டையில் எத்தனை ருசி என்று மனசுக்குள் தராசு தூக்கிக்கொண்டிருக்கையில், விரல் போய், சரிக்குச் சரி என்கிற பொத்தானை அமுக்கிவிட்டது.

சித்தப்பா கையில் ஒரு ஜோடி ஒன்பது. நடுவில் விழுந்த ஐந்து சீட்டும் யாருக்கும் உதவவில்லை.

போனில் முரசு அடித்தது. கம்பளித் தொப்பியோடு இருந்த ஜவோகோவின் படத்தின்மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அந்தத் தலை அப்படியே பறந்து வந்து ஒவிட்டியின் பெயருக்குப் பக்கத்தில் தொங்கிற்று. ஆறு பேரில் ஆறாம் இடம் என்று எழுத்து வந்தது.

"ஒவிட்டி" என்றார் சித்தப்பா. "இது என்னை வெளிய போகச் சொல்லுதே."

இப்போதாவது மன்னிப்புக் கேட்கலாம். கைபேசியைத் தூக்கித் தண்ணீர்க் குடத்தில் போடலாம். எத்தனையோ வழி இருந்தது. ஒப்பீட்டுக்காரருக்கு ஒரே வழிதான் தெரியும்.

"பாத்தீங்களா சித்தப்பா! கேஷ்ல இந்தச் சுகம் வருமா?"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

மறுநாள் விடிவதற்குள் சேதி கெண்டு பே முழுக்கச் சுற்றிவிட்டது. தகப்பன் இடத்தில் நிற்க வேண்டியவரின் தலையை எடுத்துத் தன் பக்கத்தில் தொங்கவிட்டவன் என்றார்கள். தலை போனவர் எப்படி முன்னால் நடப்பார் என்றார்கள். யாலாவிலிருந்து தாய்வழியார் ஒருவர் போன் செய்து, இந்தப் புத்தி எங்கள் பக்கம் கிடையாது என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஒலுவோச் நேரில் வந்தான். "கும்பிட்டுக்கிறேன் அண்ணே. கம்பு பாதியைக் கரையான் தின்னாச்சு. மீதியை விறகா வித்துடவா?"

"இதைவிட மோசமா அவமானப்பட்ட குடும்பமெல்லாம் இருக்குடா" என்றார் ஒவிட்டி. "கோண்டெலேல ஒருத்தன்..."

"நிறுத்துங்க" என்றாள் அடோயோ.

அவள் அன்று சமைக்கவில்லை. பெட்டியைக் கட்டவில்லை, அழவும் இல்லை. ஒழுகுகிற இடத்துக்கு நேரே ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு, பாயை எடுத்துக் காய்ந்த மூலையில் ஒருவர் படுக்கிற அகலத்துக்கு மட்டும் விரித்தாள். ஒவிட்டிக்கு முதல்முறையாக எதோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை.

சர்க்கரையும் தேயிலையும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். சித்தப்பா உட்காரச் சொன்னார். கஞ்சி கொடுத்தார். மழை பற்றிப் பேசினார், மாட்டைப் பற்றிப் பேசினார். வளவைப் பற்றிப் பேசவில்லை. ஒவிட்டி எழுந்து தரையில் முழங்கால் போட்டபிறகுதான் வாயைத் திறந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பழைய மேசையைப் போடு. நான் எந்திரிக்கிறவரைக்கும் நீ எந்திரிக்கக் கூடாது. அதுவரைக்கும் இதைவிட அது, அதைவிட இதுன்னு ஒன் வாயில வரக் கூடாது. வந்துச்சுன்னா வேற சித்தப்பனைத் தேடிக்கோ."

சாதாரண மனிதருக்கு இது தண்டனையா? உட்கார்ந்து சீட்டு ஆடுவதுதானே! ஆனால் ஒவிட்டி அந்த ஞாயிற்றுக்கிழமை பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் உங்களுக்கே மனசு இளகியிருக்கும். சித்தப்பா வழக்கத்தைவிட மெதுவாக ஆடினார். ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் நடுவே எழுந்துபோய் மாட்டைக் கட்டிவிட்டு வந்தார். வேக மேசையின் நினைவு ஒவிட்டியின் தொண்டைவரை வந்தது. அடோயோ பக்கத்திலேயே சுட்ட சோளக்கதிரோடு உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தால் கதிரை வாயில் வைத்தாள்.

ஒலுவோச் சும்மா இருப்பானா? வீடு வேண்டும்தான், ஆனாலும் தம்பி அல்லவா. "அண்ணே, தலைவேட்டைக்கு இது எப்படிண்ணே?"

"ம்ம்" என்றார் ஒவிட்டி, சோளத்துக்கு நடுவே.

"ஒமாஹா அளவுக்கு வருமாண்ணே?"

"ம்ம்ம்."

சித்தப்பா தள்ளினார். ஒவிட்டி கையில் இரண்டு ராஜா. கவிழ்த்தார். வெயில் இறங்கி, கோழிகள் அடைகிற நேரத்தில்தான் சித்தப்பா தொண்டையைச் செருமினார். எல்லாரும் சீட்டைக் கவிழ்க்கப் போனார்கள். அவர் சில்லைத் தள்ளவில்லை.

"நான் எந்திரிக்கிறேன். சனிக்கிழமை விடியறப்போ சேவலோட வந்துடு."

அடோயோ மிச்சக் கதிரைத் தானே தின்றாள்.

சனிக்கிழமை வந்தது. பனி புல்லில் நிற்கிற நேரம். முன்னால் கம்பளித் தொப்பியும் கைத்தடியுமாகச் சித்தப்பா. பின்னால் சேவலும் கோடாரியுமாக ஒவிட்டி. அவருக்குப் பின்னால் நெருப்புச் சட்டியோடு அடோயோ. தூரத்தில் கம்பும் தகடும் ஏற்றிய வண்டியோடு ஒலுவோச்சும் வேலையாட்களும். குறித்து வைத்த இடம் வந்ததும் சித்தப்பா நின்றார். முளையை எடுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இடம் நல்ல இடம்தான்டா. ஆனா அந்த அத்திமரத்துப் பக்கம் பாத்தியா? காத்து வரும்போல."

ஒவிட்டி அத்திமரத்தைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். ஒவிட்டியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"காத்து வரும் சித்தப்பா. ஆனா எறும்பும் வரும். அதுக்குப் பாறைப் பக்கம் தேவலை."

"பாறைப் பக்கம் தண்ணி நிக்காது. ஆனா ஏரி தெரியாதே."

இருவரும் அத்திமரத்துக்கு நடந்தார்கள். அங்கிருந்து பாறைக்கு. பாறையிலிருந்து மறுபடி முதலிடத்துக்கு. சேவல் கக்கத்தில் தூங்கிவிட்டது. சித்தப்பா நின்று, குரலைத் தாழ்த்தி, "ஒங்கிட்ட சொல்லல. அந்தத் தலைவேட்டை இருக்கே, அப்புறம் தனியா உக்காந்து ஆடிப் பாத்தேன்டா. நாலஞ்சு தலை எடுத்தேன். ருசிதான்" என்றார்.

"நான்தான் சொன்னேனே!"

"ஆனா நம்ம மேசை அளவுக்கு வராது."

"அப்படியும் சொல்ல முடியாது சித்தப்பா..."

சூரியன் மரத்துக்கு மேலே வந்துவிட்டது. விழுவதற்குள் கூரை ஏற வேண்டும். வண்டியில் பூட்டியிருந்த மாடு இரண்டு முறை கத்திற்று. ஒலுவோச் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தான். இடத்தைச் சொல்ல வேண்டியவர் சித்தப்பா. பெண்பிள்ளை சொல்லும் வழக்கமே கிடையாது. அடோயோவும் சொல்லவில்லை. நெருப்புச் சட்டியை இடக்கைக்கு மாற்றினாள். வலக்கைக்கு மாற்றினாள். பிறகு தான் நின்ற இடத்தில் அதைக் கீழே வைத்தாள்.

"கை சுட்டுருச்சு மாமா. வெச்சுட்டேன்" என்றாள்.

இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அது அத்திமரமும் இல்லை, பாறையும் இல்லை, குறித்து வைத்த இடமும் இல்லை. ஆனால் வளவுக்கென்று ஒருமுறை கீழே வைத்த நெருப்பை மறுபடி தூக்கிக்கொண்டு அலைகிற தைரியம் அங்கே யாருக்கும் இல்லை. சித்தப்பா வந்து, தொண்டையைச் செருமி, சட்டிக்குப் பக்கத்தில் முளையை அடித்தார். ஒலுவோச் எழுந்து ஓடிவந்தான். கடைசித் தகட்டில் கடைசி ஆணி இறங்கியபோது ஏரியின்மேல் சூரியன் ஒரு விரற்கடை மிச்சமிருந்தது.

இதைப் படித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நல்லாத்தான் இருக்கு என்று ஆரம்பிக்கப் போகிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. சொல்வதற்கு முன்னால் ஒருமுறை திரும்பி மட்டும் பாருங்கள். உங்களுக்குப் பின்னால் யாராவது சட்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நிற்கக்கூடும்.